ரப்பர் நிழலில் – 17: நங்கூர மார்க்

எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குப் படையல் போடும் நாளில் பூசாரித் தாத்தா ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். வாழை இலையில் சோறும் கறியும் கருவாடும். இலைக்கு வலப்பக்கம் ஒரு மங்கில் கள். பால் வெட்டும் மரத்தில் மாட்டுகிற அதே மங்குதான், இதற்கென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். இடப்பக்கம் சுருட்டுக் கட்டு. நடுவில், மூடி திறக்காத ஒரு பெரிய ஏங்கர் பீர் போத்தல். சூடம் காட்டி முடித்த பிறகுதான் போத்தலின் மூடியைத் தெறிக்க விடுவார். சிறுவர்களான நாங்கள் அந்தச் சத்தத்துக்காகவே காத்துக்கொண்டிருப்போம். நுரை பொங்கி வழிந்து போத்தலில் ஒட்டியிருந்த நங்கூரப் படத்தை நனைக்கும். சாமிக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சென்ற இதழில் சம்பள நாளைப் பற்றி எழுதியபோது, கள்ளுக்கடைக்குத் தனியாக ஓர் அத்தியாயம் வேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன். எழுத உட்கார்ந்தால் முனியாண்டியின் இலைதான் முன்னால் வருகிறது. மங்கும் போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றுக்குப் பெயர் இருந்தது, படம் இருந்தது. மற்றொன்றுக்குக் கள் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. இன்று கள்ளைக் காணோம். மற்றொன்று ஒரு தடவை செத்துப் பிழைத்தும் விட்டது.

எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் ரந்தாவ் என்றால் ஆறு நீண்டு ஓடும் துறை. சொந்த மண்ணை விட்டுப் பிழைக்கப் போகும் வெளியூர் என்றும் பொருள் உண்டு. சுமத்ராவிலிருந்து இங்கே வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களுக்கு இந்த நெகிரி செம்பிலான் முழுவதுமே ஒரு ரந்தாவ்தான். லிங்கி ஆற்றோரம் கிடந்த இந்தச் சிறு கிராமத்தைச் சுற்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லின்சம் போன்ற தோட்டங்களில் ரப்பர் கன்றுகள் தழைத்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் ஆட்களுக்கு இது எப்படிப்பட்ட வெளியூர் என்பதை இந்தத் தொடரின் முதல் அத்தியாயங்களில் பார்த்தோம். அவர்களோடு சேர்ந்து வந்தவை சாமியும் தெருக்கூத்தும் மட்டுமல்ல. பாளை சீவும் கத்தியும் வந்தது.

கள்ளின் சுபாவம் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் புரிந்துகொள்ள முடியாது. தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்குவது வெறும் இனிப்புச் சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் இருக்கிற நொதியே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மதியத்தில் பதமாக இருக்கும், மாலையில் ஏறும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும், ஊறுகாய் போடத்தான் ஆகும். அடைத்து வைக்க முடியாது. அடைத்தால் போத்தல் வெடிக்கும். தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே கள் வேண்டுமென்றால் தென்னை பக்கத்திலேயே இருக்க வேண்டும், கடையும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், குடிப்பவன் அன்றே குடித்தாக வேண்டும்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைத் துரைமாருக்கு இந்தச் சுபாவம் நன்றாகவே பிடித்துப் போயிற்று. தோட்டத்து எல்லைக்குள்ளேயே கொஞ்சம் தென்னை, கள் இறக்க ஊரிலிருந்து தருவித்த ஆள், ஸ்டோருக்கோ ஆட்கள் குடியிருந்த லயத்துக்கோ சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. உரிமம் தோட்ட நிர்வாகத்தின் பெயரில். பொழுது சாய்ந்தால் கொட்டகையின் கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மங்கு மங்காக அளந்து கொடுப்பார்கள். ஆள் வெளியே அலையமாட்டான், மறுநாள் காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரத்துக்கு வந்து நிற்பான், கூலியில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். கேட்டால் நியாயங்களும் தயாராக இருந்தன. கள்ளுக்கடை இல்லாவிட்டால் ஆட்கள் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைத் தேடிப் போய்க் கெட்டுவிடுவார்கள் என்றார்கள். கள்ளில் வைட்டமின் பி இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்றார்கள். தோட்டக் கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் கள்ளுப் பணம் போயிற்று. குடித்தவன் காசிலேயே அவன் சாமிக்குச் சப்பரம். இதைத் துரையின் தாராளம் என்று நம்பியவர்களும் எங்கள் லயத்தில் இருந்தார்கள்.

துரை மட்டும் கள் குடிக்கவில்லை. சிரம்பானில் 1887-இலேயே சுங்கை ஊஜோங் கிளப் வந்துவிட்டது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் பெட்டி பெட்டியான பீர் கிளப்புக்கு வந்து சேர வழி கிடைத்தது. பீர் அடைத்து வைத்தால் நிற்கும் சரக்கு. பார்லியை முளைக்க வைத்து, காய்ச்சி, ஹாப்ஸ் பூவின் கசப்பேற்றி, புளிக்க வைத்து, போத்தலில் அடைத்துச் சூடுகாட்டிவிட்டால் நொதியின் வேலை அங்கேயே நின்றுவிடும். பல மாதம் கப்பலில் கிடந்தாலும் அதே ருசி. தூரம் போகிற சரக்குக்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது. யார் செய்தது என்று கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் லேபிள்தான் சாட்சி. கள் இறக்கியவரை எல்லோருக்கும் தெரியும், அதனால் கள்ளுக்கு லேபிள் தேவைப்படவில்லை. பின்னால் நடந்த கதை முழுவதற்கும் விதை இங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

பீரை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவருவானேன், இங்கேயே காய்ச்சினால் என்ன என்று இரண்டு கூட்டத்தார் ஏறக்குறைய ஒரே நேரத்தில் யோசித்தார்கள். சிங்கப்பூரில் 1883 முதல் சோடா, கலர் தண்ணீர் விற்றுவந்த பிரேசர் அண்ட் நீவ் கம்பெனி, ஹாலந்தின் ஹைனெக்கனோடு சேர்ந்து 1931-இல் மலாயன் புரூவரீஸ் என்ற கூட்டுக் கம்பெனியைத் தொடங்கியது. அலெக்சாண்டிரா சாலையில் ஆலை எழுந்து 1932-இல் டைகர் பீர் வெளிவந்தது. அதே சாலையில் இன்னொரு ஆலை. ஜெர்மனியின் பிரேமன் நகரத்து பெக்ஸ் பீர்க்காரர்கள் நிறுத்திய ஆர்க்கிபெலகோ புரூவரி கம்பெனி அது. சுருக்கமாக ஏ.பி.சி. அவர்களுடைய பீர்தான் ஏங்கர், நங்கூர மார்க். பத்தாவியாவிலும், அதாவது இன்றைய ஜகார்த்தாவிலும், ஜெர்மானியர் இதே பெயரில் ஓர் ஆலையைத் தொடங்கினார்கள். இந்தோனேசியாவில் இன்றும் விற்கிற ஆங்கர் பீர் அந்த வழியில் வந்த சொந்தம்.

காலத்தைக் கவனியுங்கள். 1930-களின் தொடக்கம் உலக மந்தத்தின் உச்சம். ரப்பர் விலை அதல பாதாளத்தில் கிடந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்து, ஆயிரம் ஆயிரமாக நம் மக்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் சிங்கப்பூரில் ஒரே சாலையில் இரண்டு பீர் ஆலைகள்! எனக்கு முதலில் இது விளங்கவில்லை. யோசித்தால், இறக்குமதிச் சரக்கு கட்டுப்படியாகாத நேரத்தில்தான் உள்ளூர்ச் சரக்குக்கு இடம் பிறக்கிறது. ஏங்கர் இந்த இடத்தைப் பிடித்தது. டைகரைவிட ஒரு படி இறங்கிய விலை என்பது அதற்கு நெடுநாள் நின்ற பெயர்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புலி, நங்கூரம், பெக்ஸ் பீரின் சாவி, கின்னஸ் போத்தல் ஒன்றில் நாய்த்தலை. அந்தக் காலத்து லேபிள்கள் எல்லாம் எழுத்துக் கூட்டத் தெரியாத ஆளும் விரல் நீட்டிக் கேட்கும்படி இருந்தன. சீனர்கள் கின்னஸைக் கறுப்பு நாய் என்றே அழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் நங்கூரம் என்ற சொல்லையே பீர் போத்தலைப் பார்த்துக் கற்றவர்கள் உண்டு. கப்பலில் வந்த தலைமுறை அதன் நங்கூரத்தைக் கண்டிருக்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஏங்கர் போத்தல்தான் அகராதி.

இனி 1941. கள்ளின் கதையும் பீரின் கதையும் ஒரே ஆண்டில் வந்து முட்டிக்கொள்கின்றன.

கள்ளுக்கு எதிரான குரல் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. தாய்நாட்டில் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் என்று பேர் பெற்ற பெரியார் 1929-இன் கடைசியில் மலாயா வந்தார். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த சேதி இங்கேயும் பேசப்பட்டது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் லயங்களுக்குள் வந்து, எழுத்தறிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வழக்கம் பரவியது. அப்படிக் கேட்டவர்கள்தான் 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமையில் நின்றவர் தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சீனருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், பெண்களிடம் தவறாக நடக்கக் கூடாது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. இந்த வரிசையில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடு என்பது. குடிக்கிறவனே கடையை மூடச் சொன்ன கோரிக்கை அது. கள்ளைப் பழித்துப் பேசுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். நாதனைப் பிடித்தார்கள், நாடு கடத்தினார்கள். பட்டாளம் இறங்கியது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. கள்ளுக்கடை திறந்தபடியே இருந்தது.

கடையை மூடாத அதே அரசாங்கம் அந்த ஆண்டில் ஓர் ஆலையை விற்றது. ஜெர்மனியோடு போர் மூண்டுவிட்டபடியால் ஆர்க்கிபெலகோ புரூவரி எதிரிச் சொத்து. பிரிட்டிஷார் அதைக் கையகப்படுத்தினார்கள். 1941-இல் அதை வாங்கியது யார் என்கிறீர்கள்? சாலையில் எதிரும் புதிருமாக நின்ற மலாயன் புரூவரீஸ். புலி நங்கூரத்தை விழுங்கியது. அன்றிலிருந்து டைகரும் ஏங்கரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கடையில் மட்டும் போட்டியாளர்கள்போல நிற்பார்கள். வாங்கிய சூடு ஆறுவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். சிங்கப்பூரில் டாய் நிப்பான் பீர் கம்பெனி காய்ச்சியது. எங்கள் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கும், சயாம் ரயில் பாதை போட ஆள் பிடிப்பதும். அந்தக் கதையைப் பத்தாவது, பதினோராவது அத்தியாயங்களில் எழுதிவிட்டேன், திரும்பப் போக மனமில்லை.

போர் முடிந்த கையோடு கள் எதிர்ப்பு மறுபடி தலைதூக்கியது. கெடாவில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இன் தொடக்கத்தில் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் அது போலீசோடு மோதலாக முற்றியது. நெகிரி செம்பிலானில் சங்கத்தின் வழி கொஞ்சம் வேறு. பி.பி. நாராயணன் முன்னின்ற நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தைக்காரச் சங்கம். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதைக் கட்டி நடத்தியவரும் அவர்தான். கூலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கையில் நாலு காசு மிஞ்சியவன் கள்ளுக்கடைக் கம்பித் தடுப்பின் முன்னால் நிற்கக் கூசினான். ரந்தாவ் பட்டணத்துச் சீனர் காப்பிக்கடையில் சலவைக்கல் மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெரிய போத்தலை உடைப்பது, அவனைப் பொறுத்தவரை, துரையின் கிளப்புக்குள் ஒரு கால் வைத்த மாதிரி.

என் அப்பா அப்படித்தான். தினமும் கள், சம்பளத்துக்கு மறுநாள் ஏங்கர். பீர் குடித்துவிட்டு வரும் நாளில் சட்டையை உள்ளே விட்டிருப்பார். காலிப் போத்தலைக் கடையிலேயே விடமாட்டார், கேட்டு வாங்கி வருவார். அம்மா அதைச் சாம்பல் போட்டுக் கழுவித் தேங்காயெண்ணெய் ஊற்றி வைப்பார். தடித்த பழுப்புக் கண்ணாடி, கீழே போட்டாலும் சட்டென்று உடையாது. எங்கள் லயத்தில் மண்ணெண்ணெயும் தேனும் காய்ச்சல் கஷாயமும் நங்கூரத்துக்குள்தான் இருந்தன. லேபிள் தண்ணீரில் ஊறி உரியும்போது நங்கூரப் படம் கிழியாமல் எடுத்துப் புத்தகத்துக்குள் வைப்பதில் எங்களுக்குள் போட்டி. என்னிடம் ஒன்பது இருந்தன.

வெள்ளைக்காரர்களிடமும் இந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்த அந்தோணி பர்ஜெஸ், 1956-இல் வெளியான தன் முதல் நாவலுக்கு டைகர் பீரின் விளம்பர வாசகத்தையே தலைப்பாக வைத்தார். அந்த வாசகம் பொறித்த விளம்பரக் கடிகாரம் ஒன்றைக் கம்பெனியிடம் இனாமாகக் கேட்டுப் பார்த்ததாகவும், அவர்கள் பிடிகொடுக்கவில்லை என்றும், பல ஆண்டுகள் கழித்து எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள் என்று சொன்னபோது தாம் ஜின்னுக்கு மாறிவிட்டதாகவும் பின்னால் எழுதினார். நம் அப்பாமார் யாரும் நாவல் எழுதவில்லை. எழுதியிருந்தால் தலைப்பு நங்கூரமாகத்தான் இருந்திருக்கும், விலையைப் பார்த்தால்.

1965-இல் சுங்கை வேயில் கின்னஸ் காய்ச்சத் தொடங்கினார்கள். 1972-இல் ஷா ஆலமில் கார்ல்ஸ்பெர்க். கடை அலமாரியில் ஏங்கர் மெல்ல மெல்லக் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. 1989-இல் கின்னஸ் மலேசியாவும் மலாயன் புரூவரீசின் இங்குள்ள பிரிவும் இணைந்தபோது, புதுக் கம்பெனிக்கு கின்னஸ் ஏங்கர் பெர்ஹாட் என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகையில் நங்கூரத்துக்குப் பெரிய மரியாதை. 2016-இல் அதையும் எடுத்துவிட்டு ஹைனெக்கன் மலேசியா என்று மாற்றினார்கள்.

சிங்கப்பூரில் மலாயன் புரூவரீஸ் 1990-இல் ஆசியா பசிபிக் புரூவரீஸ் என்று பெயர் மாறி, ஆலையும் துவாஸுக்குப் போயிற்று. அலெக்சாண்டிரா சாலையில் நங்கூர ஆலை நின்ற இடத்தில் இன்று ஏங்கர்பாயிண்ட் என்ற கடைத்தொகுதி. காலணி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமோ. ஏ.பி.சி. என்ற மூன்றெழுத்து மட்டும் ஒரு ஸ்டவுட்டின் பெயராகப் பிழைத்துக் கம்போடியா வரைக்கும் போய், அங்கே ஓகோவென்று ஓடுகிறது.

பிறகுதான் உயிர்த்தெழுந்த கதை. உலகமெங்கும் சின்ன ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பீருக்கு மோகம் கிளம்பிய நேரம். 2006-இல் ஆசியா பசிபிக் புரூவரீஸ் தன் பழைய பெட்டியைத் துழாவி, 1941-இல் வாங்கிப் போட்ட ஆர்க்கிபெலகோ என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்தது. ஃபால் ஆலன் என்ற அமெரிக்கக் காய்ச்சுநரை வரவழைத்தது. அவர் எலுமிச்சம்புல், புளி மாதிரி இந்தப் பக்கத்துச் சரக்குகளைப் போட்டுக் காய்ச்சினார். ரசத்துக்குப் போடுகிற புளியைப் பீரில் போடுவார்கள் என்று என் அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ வீட்டிலேயே குடிச்சிருக்கலாமே உங்கப்பா" என்றார்.

இதை மறுபிறப்பு என்று விளம்பரத்தில் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரன் என்றால் பெயரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பெயரைச் சுமப்பதால் தாத்தா திரும்பி வந்துவிட்டார் என்று ஆகாது. 1930-களில் பிரேமன்காரர்கள் காய்ச்சிய சரக்குக்கும் 2006-இல் புளி போட்டதற்கும் ருசியில் உறவு எதுவும் இருக்க நியாயமில்லை. உறவெல்லாம் பதிவேட்டில் கிடந்த ஒரு பெயரோடுதான். ஆனாலும் அது சின்ன விஷயமில்லை. பதிவு செய்த பெயரை அறுபது எழுபது ஆண்டு பெட்டியில் பூட்டி வைக்கலாம், நினைத்தபோது எடுக்கலாம். கெடாது, பீர் மாதிரியே.

எங்கள் கள்ளுக்கு அந்த வசதி இல்லை. தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்தார்கள். கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1941-இல் துப்பாக்கிக்கு எதிரில் நின்று கேட்டும் நடக்காதது, யாரும் கேட்காமலே நடந்துவிட்டது. மூடிய இடத்தைப் பிடித்தது சம்சு, சிறு சிறு போத்தல்களில், பளபளக்கும் லேபிளோடு. கள்ளில் தள்ளாடியவன் மறுநாள் எழுந்து பெரட்டுக்குப் போனான். சம்சு குடித்தவர்களில் எழுந்திராதவர்களை எங்கள் லயத்திலேயே எண்ணிச் சொல்வேன். பீர் பக்கம் போகலாமென்றால் வரி. 2016-இல் அது தூய சாராயக் கணக்கில் லிட்டருக்கு 175 ரிங்கிட் ஆயிற்று. அந்தக் கணக்கில் ஐந்து சதவீத பீர் 320 மில்லி டின் ஒன்றில் வரி மட்டுமே 2 வெள்ளி 80 காசு. ஏங்கர் கீழ்த்தட்டில் இருந்தாலும் சம்சுவின் விலைக்கு இறங்க முடியாது.

போன ஆடியில் படையலுக்குப் போயிருந்தேன். தோட்டம் இல்லை, லயம் இல்லை, செம்பனைக்கு நடுவில் முனியாண்டியின் சின்னக் கொட்டகை மட்டும் புதுத் தகரத்தோடு நிற்கிறது. பூசாரித் தாத்தாவின் பேரன்தான் இப்போது பூசை. வார நாளில் சிரம்பானில் லாரி ஓட்டுகிறார். இலை போட்டார். வலப்பக்கம் மங்கு இருந்தது. அதே மங்காகத்தான் இருக்க வேண்டும், விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளே கள் இல்லை, இளநீர். சுருட்டு வைத்தார். நடுவில் ஒரு நீல டின்னை எடுத்து வைத்தார். புலி.

"ஏங்கர்தானே தம்பி வைப்பாங்க?" என்றேன்.

"சீனர் கடையில அது முடிஞ்சு போச்சு மாமா," என்றார், சூடத்தைத் தட்டில் உடைத்துப் போட்டபடியே. "ரெண்டும் ஒரே கம்பெனிதான். சாமி கோச்சுக்காதுலா."

(தொடரும்)